வார்னர் கதையில் விடுபட்ட ஐந்து ஆண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கால்பந்துக் குவாட்டர்பேக் (பந்தை வீசி அணியின் தாக்குதலை நடத்துபவர்) கர்ட் வார்னரைப் பற்றி வந்த கட்டுரை, சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தவருக்கு ஒரு நாள் அதிர்ஷ்டம் அடித்தது, என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை வென்றார் என்று முடிந்துவிட்டது. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியில் கால்பந்து ஆடும் பிள்ளைகளின் பெற்றோரும் உங்கள் வாசகர்கள்தான். அவர்கள் இதைப் படித்துவிட்டு, சிறு கல்லூரிக் குவாட்டர்பேக்கின் வாழ்க்கையை லாட்டரிச் சீட்டு என்று எண்ணிவிடக் கூடாது. அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

வார்னர் அயோவாவில் ஹை-வீ கடையில் இரவு வேலை பார்த்தது உண்மை. 1994-இல் என்.எஃப்.எல். அணியான கிரீன் பே பேக்கர்ஸின் பயிற்சி முகாமிலிருந்து அவரை அனுப்பிவிட்ட பிறகு நடந்தது அது. கட்டுரை தாண்டிப் போனது அதற்குப் பிந்தைய காலத்தை. 1995 முதல் 1997 வரை மூன்று சீசன் அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் அணிக்காக உள்ளரங்க அரீனா கால்பந்து ஆடினார். அந்த மைதானத்தின் நீளம் 50 யார்டுதான், பக்கத்துக்கு எட்டுப் பேர்தான். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்க அங்கே நேரமே கிடையாது. 1998 வசந்தத்தில் ஐரோப்பிய லீகில் ஆம்ஸ்டர்டாம் அட்மிரல்ஸ். அதே ஆண்டு செயின்ட் லூயிஸ் ராம்ஸில் மூன்றாவது குவாட்டர்பேக்காகப் பெஞ்சில் உட்கார்ந்தார். 1999 ஆகஸ்டில் முதல் குவாட்டர்பேக் டிரென்ட் கிரீனின் முழங்கால் போனபோதுதான் இடம் காலியானது. அந்த ஆண்டு 4,353 யார்டு, 41 டச் டவுன் (எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பெறும் ஆறு புள்ளி) வந்தது என்றால், அதற்கு முன் வீசிய ஆயிரக்கணக்கான பந்துகள் அதற்குள் இருக்கின்றன. ஒன்றையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்: அந்த சூப்பர் பௌலில் எதிரணிக்கு ஆடிய ஸ்டீவ் மெக்நேரும் ஆல்கார்ன் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியிலிருந்து வந்தவரே.

அடுத்து, 'சிறு கல்லூரி' என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட முடியாது. கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவிலேயே மேலே எஃப்.பி.எஸ்., கீழே எஃப்.சி.எஸ். என்று இரண்டு தட்டுகள். 2006 வரை இரண்டாவதற்கு ஒன்று-ஏஏ என்று பெயர். வார்னரின் நார்தர்ன் அயோவா, டோனி ரோமோவின் ஈஸ்டர்ன் இல்லினாய், ஜோ ஃபிளாக்கோ ஆடிய காலத்து டெலவேர், கார்சன் வென்ட்ஸ் ஆடிய காலத்து நார்த் டகோட்டா ஸ்டேட் எல்லாம் இந்தத் தட்டு. விளையாட்டு உதவித்தொகை தருபவை, முழுநேரப் பயிற்சியாளர்கள் உள்ளவை. அதற்குக் கீழே இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு, என்.சி.ஏ.ஏ.வுக்கு வெளியே என்.ஏ.ஐ.ஏ. என்ற தனி அமைப்பு. உண்மையிலேயே சிறிய இடத்திலிருந்து வந்தவர் என்றால் கென் ஆண்டர்சனைச் சொல்ல வேண்டும். இன்று மூன்றாம் பிரிவில் இருக்கும் இல்லினாயின் அகஸ்டானா கல்லூரியிலிருந்து 1971-இல் சின்சினாட்டி பெங்கால்ஸுக்குப் போய், 16 சீசன் அங்கேயே ஆடி, 1981-இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றவர். டேவ் கிரீக் ஆடிய விஸ்கான்சினின் மில்டன் கல்லூரி 1982-இல் மூடப்பட்டே போனது. கல்லூரி ஆட்டக்காரர்களை என்.எஃப்.எல். அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யாரும் எடுக்காத அவர் 19 சீசன் என்.எஃப்.எல்.லில் நின்றார்.

குடும்பங்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது பணம். இரண்டாம் பிரிவில் ஓர் அணிக்கு 36 முழு உதவித்தொகைக்குச் சமமான தொகைதான் உச்சவரம்பு, என்.ஏ.ஐ.ஏ.வில் 24. நூறு பேர் இருக்கும் அணியில் இது துண்டு துண்டாகப் பிரியும். கல்விக் கட்டணத்தில் பாதி கிடைத்தாலே நல்ல அழைப்பு என்று கொள்ளலாம். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்காக ஒரு டாலர்கூடத் தரக் கூடாது. மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி மட்டுமே. தனியார் கல்லூரிகளில் அறிவிக்கப்பட்ட செலவு ஆண்டுக்கு 50,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். ஆனால் அந்தத் தொகையை முழுதாகக் கட்டுபவர்கள் குறைவு. ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் நிகரக் கட்டணக் கணிப்பான் இருக்க வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். பயிற்சியாளரிடம் பேசுவதற்கு முன் அதில் வருமான விவரத்தைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். மூன்றாம் பிரிவுப் பயிற்சியாளர் "உனக்கு இடம் உண்டு" என்று சொல்வது யாரையும் கட்டுப்படுத்தாது. சேர்க்கை அலுவலகமும் நிதி உதவி அலுவலகமும் தருகிற கடிதம்தான் கணக்கு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூன்றாம் பிரிவில் அணிக்கு ஆள் வரம்பு கிடையாது. மாணவர் எண்ணிக்கை குறைந்துவரும் சின்னக் கல்லூரிகளுக்கு, கட்டணம் கட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட கால்பந்து மாணவர்கள் வருமானம். அதனால் ஓர் அணியில் ஆறு, எட்டு குவாட்டர்பேக்குகள் இருப்பதுண்டு. பயிற்சியில் ஸ்னாப்புகளில் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் தருணங்களில்) பெரும்பகுதி முதல் இருவருக்குப் போகும். மற்றவர்கள் அடுத்த வார எதிரணியைப் போல ஆடிக் காட்டும் அணியில் நிற்பார்கள். வழக்கமான சீசனில் மூன்றாம் பிரிவில் ஆட்டங்களே பத்து. ஆட்டத்துக்கு 30 பந்து வீசினாலும் ஆண்டுக்கு 300. இரண்டு ஆண்டுகள் காத்திருந்தால் கல்லூரிக் காலம் முழுவதிலும் 600 பந்துதான் கையிலிருந்து போகும். முதல் அல்லது இரண்டாம் ஆண்டிலேயே களமிறங்கும் வாய்ப்புள்ள சுமாரான அணி, மூன்று ஆண்டு காக்கவைக்கும் வலுவான அணியைவிட ஒரு குவாட்டர்பேக்குக்கு நல்லது என்பது என் கருத்து. அந்தச் சுமாரான அணியின் லைன் (குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை) மட்டும் படுமோசமாக இருக்கக் கூடாது.

லைனைப் பற்றிச் சொல்லக் காரணம் உண்டு. தடுப்பு இரண்டு நொடியில் உடையும் அணியில் ஆடும் இளைஞன், பந்தைப் பிடிக்கும் ரிசீவரைப் பார்க்க வேண்டிய கண்ணை முன்னால் வரும் எதிரணித் தடுப்பாட்டக்காரர் மேல் இறக்கிவிடுகிறான். பிறகு லைன் தாக்குப்பிடிக்கிற ஆட்டத்திலும் வலப்பக்கம் ஓடத் தொடங்குகிறான். இந்தப் பழக்கம் ஒரு சீசனில் ஒட்டிக்கொள்ளும்; போக இரண்டு சீசன் பிடிக்கும். நேர்மாறான கெடுதலும் உண்டு. எதிரிகளையெல்லாம் 50 புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் அணியில் முதலில் பார்க்கும் ரிசீவரே எப்போதும் தனியாக நிற்பார். இரண்டாவது, மூன்றாவது ரிசீவரைத் தேடும் பழக்கமே வராது. கடைசிக் கால் பகுதியில் குவாட்டர்பேக்கை உட்காரவைத்துவிடுவதால் பின்தங்கிய நிலையில் ஆடிய அனுபவமும் கிடையாது.

எண்கள் ஏன் ஏமாற்றுகின்றன என்பதற்கு இதுவே விடை. 2012-இல் யுரேகா கல்லூரியின் குவாட்டர்பேக் ஒருவர் ஒரே ஆட்டத்தில் 736 யார்டு வீசினார், எல்லாப் பிரிவுகளுக்குமான சாதனை. அவர் பெயரை என்.எஃப்.எல். ரசிகர்கள் கேள்விப்பட்டதில்லை. தேர்வாளர்கள் பார்ப்பது பந்து பிடிபட்டதா என்பதை அல்ல. அது வந்து சேர்ந்தபோது தடுப்பாட்டக்காரர் எவ்வளவு தூரத்தில் இருந்தார் என்பதை.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். மைதானத்தின் அகலம் 160 அடி. கல்லூரி ஆட்டத்தில், பந்து வைக்கப்படும் எல்லையைக் காட்டும் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கும் நடுவே 40 அடி, என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து இடது ஹாஷில் இருந்தால் வலப்பக்கம் 100 அடி திறந்து கிடக்கும். அந்தப் பக்கக் கோட்டை ஒட்டி 12 யார்டு ஆழத்தில் வெளிப்புறம் திரும்பும் ரிசீவருக்கு, ஏழு யார்டு பின்னால் நிற்கும் குவாட்டர்பேக் வீசும் பந்து காற்றில் சுமார் 36 யார்டு போக வேண்டும். மணிக்கு 50 மைல் வேகத்தில் விட்டால் அதற்கு ஏறக்குறைய 1.5 நொடி, 55 மைல் என்றால் 1.35 நொடி. இந்தச் சின்ன இடைவெளியில், ரிசீவரைக் காவல் காக்கும், நொடிக்கு எட்டு யார்டு ஓடும் எதிரணிக் கார்னர்பேக் ஒரு யார்டுக்கு மேல் நெருங்கிவிடுவார். மூன்றாம் பிரிவில் அந்த வேகத்தில் பாயும் கார்னர்பேக்குகள் குறைவு. அதனால் மெதுவான பந்தும் பிடிபடும், புள்ளிவிவரத்தில் இரண்டும் ஒன்றாகவே பதிவாகும். மேல்தட்டுக்குப் போனதும் அதே பந்து எதிரணியின் கையில் இருக்கும்.

இதற்கு மருந்து தோள் வலிமை மட்டும் அல்ல. ரிசீவர் திரும்பிய பிறகு வீசுவதை விட்டுவிட்டு, திரும்புவதற்காகக் காலை ஊன்றும்போதே பந்து கையை விட்டிருக்க வேண்டும். அதற்குக் குவாட்டர்பேக்கின் பின்னங்கால் கடைசி அடியில் தரையைத் தொடும் நேரமும் ரிசீவரின் ஓட்டமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கோடை விடுமுறையில் தன் ரிசீவர்களோடு தினமும் பழகினால்தான் இது வரும். வேகம் இடுப்பிலிருந்தும் முன்னங்காலிலிருந்தும் வருகிறது. முன்னங்காலை அளவுக்கு மீறி நீட்டி வைத்தால் உடல் பின்னால் தங்கி, பந்து தலைக்கு மேல் போகும். முன்னங்கால் இலக்கை நோக்கித் திறக்காமல் குறுக்கே விழுந்தால் இடுப்பு பூட்டிக்கொள்ளும். அப்போது வீச்சு முழுவதும் கையிலிருந்தே வரும், வேகம் குறையும், தோளும் கெடும்.

அடுத்தது பார்வை. ஸ்னாப்புக்கு முன் ஆழத்தில் ஒரு சேஃப்டி (எதிரணியின் கடைசித் தடுப்பாட்டக்காரர்) நின்றால் பெரும்பாலும் கவர் 1 அல்லது கவர் 3 என்ற தற்காப்பு அமைப்பு. இருவர் நின்றால் கவர் 2 அல்லது கவர் 4. கீழ்ப் பிரிவுகளில் முன்னால் காட்டும் அமைப்பையே பெரும்பாலும் ஆடுவார்கள். மேலே போனால் இருவராக நின்றவர்கள் ஸ்னாப் ஆனதும் ஒருவராகச் சுழல்வார்கள். முன் படத்தை நம்பி வீசப் பழகியவரின் முதல் மூன்று இடைமறிப்புகள் இப்படித்தான் வருகின்றன. பந்து கைக்கு வந்ததும் முதல் அடியில் கண் சேஃப்டியிடம் இருக்க வேண்டும், தான் விரும்பும் ரிசீவரிடம் அல்ல.

மொழியும் ஒரு தடை. பல சிறு கல்லூரிகளில் ஆட்டத் திட்டம் பக்கக் கோட்டிலிருந்து கைச்சைகையாகவோ படப்பலகையாகவோ வரும். ஒரு சொல், உடனே ஸ்னாப். என்.எஃப்.எல்.லில் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஒலிபெருக்கியில் பயிற்சியாளர் சொல்வதை, ஆட்டக் கடிகாரத்தில் 15 நொடி மீதமிருக்கும்போது இணைப்பு துண்டிக்கப்படுவதற்குள் கேட்டு வாங்கி, பத்துப் பன்னிரண்டு சொற்களை அணி கூடி நிற்கும் ஹடிலில் பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு எதிரணியின் நடு லைன்பேக்கர் யார் என்று கைகாட்டித் தடுப்பை மாற்ற வேண்டும், பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டருக்கு நேர் பின்னால் நின்று பந்தை வாங்கி ஐந்து காலடி பின்வாங்க வேண்டும். இதெதையும் கல்லூரியில் செய்யாதவர் முகாமின் முதல் வாரத்திலேயே திணறுவார். தீர்வுக்குச் செலவில்லை: தினமும் இருபது திட்டங்களை உரக்கச் சொல்லிப் பழகுவது, வெள்ளைப் பலகையில் ஐந்து லைன்மேன்களின் தடுப்புப் பொறுப்பை வரைவது. தேர்வாளர் நேர்காணலில் கையில் மார்க்கரைக் கொடுத்துக் கேட்பதும் இதைத்தான்.

தன்னைக் காட்டிக்கொள்வது எப்படி என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மூன்று நிமிட ஹைலைட் வீடியோ கவனத்தைத் திருப்பும், அவ்வளவே. அதன் பிறகு கேட்பது முழு ஆட்டங்களின் படம்: பக்கவாட்டுக் கோணமும் மைதானக் கோடியான எண்ட் ஸோனுக்குப் பின்னிருந்து எடுத்த கோணமும், 22 பேரும் தெரிய. பல சிறு கல்லூரிகளில் இரண்டாவது கேமரா ஒழுங்காக இருக்காது. சீசன் தொடங்கும் முன்பே அதைக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். மூன்றாம் டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவதில்) நீண்ட தூரம், அழுத்தத்தில் வீசியவை, எதிரணியின் 20 யார்டுக்குள் வீசியவை என்று மூன்று தொகுப்புகளைத் தனியாக வெட்டி வைப்பது நல்லது. தோற்ற ஆட்டத்தையும் சேர்க்க வேண்டும்.

இல்லினாயின் மன்மத் கல்லூரியில் ஆடிய அலெக்ஸ் டானி 2011-இல் வெளியிட்ட வித்தை வீச்சு வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அணிகள் அவரை முகாமுக்கு அழைத்தது மன்மத்தில் அவர் வீசிய 157 டச் டவுன்களும் அந்த வீச்சின் தரமும் படத்தில் இருந்ததால்தான். பல அணிகளில் ஆண்டுக்கணக்கில் இருந்தும் அவர் களத்தில் இறங்கியது சில ஆட்டங்களே. அவருடைய 157-ஐ முறியடித்து 159 என்று எழுதியவர் மேற்கு வர்ஜீனியாவின் ஷெப்பர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டைசன் பேஜென்ட். இரண்டாம் பிரிவின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்லன் ஹில் விருதை 2021-இல் வென்றவர். டிராஃப்டுக்கு முன் தேர்வாளர்கள் பார்க்கும் சீனியர் பௌல் ஆட்டத்தில் பெரிய கல்லூரிக்காரர்களோடு ஒரே களத்தில் நின்று காட்டினார். 2023-இல் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. அதே அக்டோபரில் சிகாகோ பேர்ஸுக்காக முதல் ஆட்டத்தைத் தொடங்கி, ரெய்டர்ஸை 30-12 என்று வென்றார்.

என்.எஃப்.எல். தேர்வாளர்கள் வந்து பார்க்கும் புரோ டேயைச் சொந்தமாக நடத்தாத கல்லூரியின் மாணவர் அருகிலுள்ள பெரிய கல்லூரியின் புரோ டேயில் கலந்துகொள்ளக் கேட்கலாம். அங்கே பழக்கமில்லாத ரிசீவர்களுக்கு வீச நேரும், ஐம்பது பந்தில் பத்து தவறினால் தேர்வாளர் காரணம் கேட்க மாட்டார். முடிந்தால் தன் ரிசீவர் ஒருவரைக் கூட்டிப்போக அனுமதி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு நாள் முன்பே போய் அவர்களோடு வீசிப் பழக வேண்டும். ஏஜென்ட் வைத்தால் ஆட்டக்காரர் சங்கத்தின் சான்று பெற்றவரா என்று பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் அவர் எடுக்கக்கூடிய உச்சம் 3 சதவீதம்.

இப்போது பெரிய கதவு டிராஃப்ட் அல்ல, கல்லூரி மாற்றம். கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும், 2018-இல் வந்த டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் எல்லாவற்றையும் புரட்டிவிட்டது. காம் வார்டின் உயர்நிலைப் பள்ளி பந்தை வீசாமல் ஓடும் விங்-டி முறையில் ஆடியதால் பெரிய கல்லூரிகள் அவரைக் கவனிக்கவே இல்லை. எஃப்.சி.எஸ். கல்லூரியான இன்கார்னேட் வேர்டில் தொடங்கி, வாஷிங்டன் ஸ்டேட், பிறகு மயாமி என்று ஏறி, 2025 டிராஃப்டில் முதல் ஆளாகப் போனார். ஹூஸ்டன் பாப்டிஸ்டிலிருந்து வெஸ்டர்ன் கென்டக்கிக்கு மாறிய பெய்லி ஸாப்பி 2021-இல் 62 டச் டவுன் வீசினார். அவர் தனியாகப் போகவில்லை. தாக்குதல் ஒருங்கிணைப்பாளரும் பழைய ரிசீவர்கள் சிலரும் உடன் போனார்கள். மாறும்போது மொழி மாறவில்லை என்பது அந்த எண்ணிக்கைக்கு முக்கியக் காரணம். மாற நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது எத்தனை வகுப்பு மதிப்பலகுகளைப் புதிய கல்லூரி ஏற்கும் என்பதை. இரண்டாவது, போர்ட்டலில் பெயர் போட்ட பிறகு பழைய கல்லூரி இடத்தையோ உதவியையோ காத்து வைக்க வேண்டியதில்லை என்பதை. போனவர்களில் வார்டு ஆனவர் ஒருவர். எந்தக் கல்லூரியும் கூப்பிடாமல் நின்றவர்கள் பலர்.

என்.எஃப்.எல். அணியின் 53 பேரில் இடம் கிடைத்தால் 2025-இல் புதியவரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 8,40,000 டாலர். அதே ஆண்டில் பயிற்சி அணியில் வாரத்துக்கு 13,000 டாலர், ஆனால் எந்தச் செவ்வாய்க்கிழமையும் வேலை போகலாம். இது கிடைக்காதவர்களுக்கு யு.எஃப்.எல். என்ற சிறிய அமெரிக்க லீக், மூன்று டவுன்களும் 12 பேரும் கொண்ட கனடா லீக், ஐரோப்பியக் கிளப்புகள். ஐரோப்பாவில் அமெரிக்கர் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் அந்த இடத்தைக் குவாட்டர்பேக்குக்கே பல அணிகள் ஒதுக்குகின்றன. மாதச் சிறு தொகை, தங்குமிடம், கூடவே இளையோர் அணிக்குப் பயிற்சி தரும் பொறுப்பு. சேமிப்பு ஆகாது. ஆனால் அங்கே பல சமயம் ஆட்டத் திட்டத்தையே குவாட்டர்பேக்தான் வகுப்பார் என்பதால் பயிற்சியாளராக விரும்புபவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

உங்கள் கட்டுரை தொடாத பகுதி அதுதான். சிறு கல்லூரிக் குவாட்டர்பேக்குகளில் மிகப் பெரிய வாழ்க்கை அமைந்தவர்கள் பலர் பந்தைக் கீழே வைத்த பிறகே அதைப் பெற்றார்கள். மூன்றாம் பிரிவின் மவுன்ட் யூனியன் கல்லூரியில் குவாட்டர்பேக்காக ஆடிய லாரி கெரெஸ் அதே கல்லூரிக்குப் பயிற்சியாளராகி 332 வெற்றியும் 11 தேசியப் பட்டங்களும் பெற்றார். விஸ்கான்சின்-வைட்வாட்டரில் ஆடிய லான்ஸ் லைபோல்ட் அங்கேயே பயிற்சியாளராகி 109-6 என்ற வெற்றி-தோல்விக் கணக்கோடு ஆறு பட்டங்களை வென்று, பிறகு பஃபலோ பல்கலைக்கழகம் வழியாகக் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஜான் கரோல் பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக்காக இருந்த நிக் கசேரியோ இன்று ஹூஸ்டன் டெக்சன்ஸின் பொது மேலாளர். ஈஸ்டர்ன் இல்லினாய் என்ற ஒரே கல்லூரியில் குவாட்டர்பேக்காக இருந்தவர்கள் மைக் ஷானஹன், ஷான் பேட்டன், ரோமோ, ஜிம்மி கரோபலோ. ஷானஹனுக்கு ஆட்ட வாழ்க்கையே கல்லூரியில் முடிந்துபோனது: அடிபட்டுச் சிறுநீரகம் கிழிந்து அதை அகற்ற நேர்ந்தது. பின்னாளில் பயிற்சியாளராக டென்வருக்கு இரண்டு சூப்பர் பௌல் வாங்கித் தந்தார்.

காயம் என்றதும் சொல்ல வேண்டியது: தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று கண்டறியப்பட்டவர் அன்றே களம் திரும்பக் கூடாது என்பது எல்லாப் பிரிவுக்கும் பொதுவான விதி. படிப்படியாகத்தான் ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும். ஆட்டங்கள் பத்தே என்பதால் இளைஞர்கள் தலைவலியை மறைக்கிறார்கள். பெற்றோர் இதில் பயிற்சியாளரை அல்ல, அணியின் மருத்துவப் பணியாளரை நேரடியாகக் கேட்க வேண்டும். கல்லூரியின் காப்பீடு எங்கே தொடங்குகிறது, குடும்பத்தின் காப்பீடு எதுவரை தாங்க வேண்டும் என்பதைச் சேர்வதற்கு முன்பே எழுத்தில் வாங்குவது அவசியம். வீசும் தோளின் மூட்டு ஒருமுறை பிசகினால் ஸ்கேனும் பிசியோதெரபியும் சேர்ந்து வரும் பில் சின்னது அல்ல.

இனி இப்படிப்பட்ட ஆட்டக்காரரைப் பற்றி எழுதும்போது அவர் எந்தப் பிரிவில் ஆடினார், எத்தனை ஆட்டங்களைத் தொடங்கினார், எந்த வகைத் தாக்குதல் முறையில் ஆடினார் என்ற மூன்றையும் சேர்த்து எழுதும்படி உங்கள் செய்தியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கல்லூரிகளைப் பார்வையிடப் போகும் குடும்பங்கள் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியதும் கிட்டத்தட்ட இவைதான்: இப்போது அணியில் எத்தனை குவாட்டர்பேக்குகள், மூன்றாண்டுக்கு முன் சேர்ந்த குவாட்டர்பேக்குகளில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள், ஆட்டத் திட்டத்தை அழைப்பது யார், அவருடைய ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் உடனே வராவிட்டால், அணியின் பழைய பட்டியல்கள் கல்லூரியின் இணையதளத்தில் ஆண்டுவாரியாக இருக்கும். பெயர்களை ஒப்பிட்டு எண்ணிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைத் தொடர்ந்து கவனிக்கும் வாசகர்